உதவியாளர் மேசையில் கிடந்த கடிதம்: பெப்சிகோ வழக்கும் பதிவு முகவர் நியமனமும்

2009 செப்டம்பர் 30 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜெஃபர்சன் கவுன்டி நீதிமன்றம் பெப்சிகோவுக்கு எதிராக ஒரு டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு) கொடுத்தது. தொகை 126 கோடி டாலர். அந்த நிறுவனம் முந்தைய ஆண்டு சம்பாதித்த நிகர லாபத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சரி, இவ்வளவு பெரிய வழக்கில் பெப்சிகோ தரப்பில் யார் வாதாடினார்கள் என்று பார்த்தால், யாருமே இல்லை. அப்படி ஒரு வழக்கு இருப்பதே அக்டோபர் முதல் வாரத்தில்தான் எங்கள் வக்கீல்களுக்குத் தெரியவந்தது என்று நிறுவனம் பின்னால் சொன்னது. நம் ஊர் கோர்ட் வளாகத்தில் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: எக்ஸ்பார்ட்டி. ஒரு தரப்பு வராமலே வந்த தீர்ப்பு.

பெப்சிகோ ஒரு எல்எல்சி (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி, உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் நிறுவன வடிவம்) கிடையாது. பங்குச் சந்தையில் உள்ள பெரிய கார்ப்பரேஷன். அப்போது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சென்னையில் பிறந்த இந்திரா நூயி. ஆனாலும் அமெரிக்காவில் எல்எல்சி தொடங்க நினைப்பவர்கள் பதிவு முகவர், அதாவது நிறுவனத்துக்கு வரும் சம்மனை வாங்கிக்கொள்ளும் ஆள், பற்றிக் கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்வேன். படிவத்தில் ஒரு வரியில் நிரப்பிவிட்டு மறந்துபோகும் ஒரு பெயர் என்னவெல்லாம் செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

என்ன நடந்தது

விஸ்கான்சினைச் சேர்ந்த இருவர் 2009 ஏப்ரலில் வழக்குப் போட்டார்கள். சுத்திகரித்த தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கும் யோசனை தங்களுடையது, 1981இல் பெப்சி விநியோகஸ்தர்களிடம் அதை ரகசியமாகப் பேசினோம், அந்த யோசனைதான் பின்னால் அக்வாஃபினா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது என்பது அவர்கள் புகார். அக்வாஃபினா வந்தது 1994இல். வழக்கு வந்ததோ பேச்சு நடந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்டிலிருந்து 28 ஆண்டுகள் கழித்து. இந்தப் புகார் நிற்குமா நிற்காதா என்பது தனிக் கதை. நமக்கு வேண்டியது அந்தக் காகிதங்கள் போன வழி.

பெப்சிகோவின் தலைமையகம் நியூயார்க் மாநிலத்தில் பர்சேஸ் என்ற ஊரில் இருக்கிறது. சட்டப்படி அது பதிவானது வட கரோலினாவில். (பெப்சி பிறந்ததே அந்த மாநிலத்தின் நியூ பெர்ன் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில்தான்.) அதனால் அதன் பதிவு முகவரும் வட கரோலினாவில் இருந்தார். சம்மனும் புகாரும் ஜூன் மாதம் அந்த முகவரிடம் கொடுக்கப்பட்டன. சட்டத்தின் கணக்கில் அந்த நிமிடமே பெப்சிகோவுக்கு வழக்கு தெரிந்துவிட்டது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஆனால் இந்த வழக்கு தொடர்பான முதல் காகிதம் தலைமையகச் சட்டத்துறைக்கு வந்தது செப்டம்பர் 15இல் என்கிறது பெப்சிகோ மனு. அதுவும் புகார் மனு இல்லை. உடன் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு நிறுவனம் எழுதிய கடிதத்தின் நகலை முகவர் அனுப்பியிருந்தார். அது ஒரு மூத்த வக்கீலின் உதவியாளர் கைக்கு வந்தது. அவர் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கான வேலையில் மூழ்கியிருந்தார். கடிதத்தை ஒதுக்கி வைத்தார், யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் டிக்ரி ஆகிவிட்டது. அக்டோபர் 5இல், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு கேட்டு வாதிகள் போட்ட மனுவின் நகல் வந்தது. இந்த முறை உதவியாளர் அதை அக்வாஃபினா விவகாரங்களைக் கவனிக்கும் சட்ட உதவியாளரிடம் தள்ளினார். மறுநாள் அது ஒரு வக்கீலின் கைக்குப் போனது. அவர் உடனே முகவரைத் தொலைபேசியில் பிடித்து மூலப் புகார் மனுவைக் கேட்டார். அப்போதுதான் 126 கோடி டாலர் கதை தெரிந்தது.

வேலை நெருக்கடியில் ஒரு கடிதத்தை ஓரம் வைக்காத அலுவலகம் எது? அந்த உதவியாளரைத் திட்டி இந்தக் கதையை முடித்துக்கொள்வது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜூனில் முகவர் வாசலுக்கு வந்த வழக்கின் முதல் காகிதம் செப்டம்பர் பாதியில்தான் தலைமையகத்துக்கு வந்தது என்றால், தவறு ஒரு மேசையில் மட்டும் இருக்க முடியாது.

அந்த ஒரு வரி

ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் என்று அங்கே சொல்வதை நாம் பதிவு முகவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிறுவனத்துக்கு வியாபாரம் பிடித்துத் தருபவர் இல்லை. நிறுவனத்தின் பெயருக்கு வரும் சம்மனையும் அரசுக் காகிதங்களையும் வாங்கிக்கொள்ளச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கார்ப்பரேஷன் அதை உருவாக்கிய மாநிலத்தில் மட்டுமே 'வாழ்வதாக' அமெரிக்க நீதிமன்றங்கள் கருதின. அப்படியானால் இண்டியானாவில் பிறந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஒஹையோவில் பாலிசி விற்று ஏமாற்றினால், ஒஹையோக்காரர் எங்கே போய் வழக்குப் போடுவது? உள்ளூரில் இருக்கும் முகவரிடம் சம்மனைக் கொடுத்தால் போதும் என்று ஒஹையோ சட்டம் சொன்னது. அது செல்லும் என்று 1856இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எங்கள் மாநிலத்தில் தொழில் செய்ய வேண்டுமா, சம்மன் வாங்க ஓர் ஆளை இங்கே வை என்பதுதான் அதன் சாரம். நம் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் 380ஆம் பிரிவில் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் இதையே கேட்கிறது: நோட்டீஸ் பெற்றுக்கொள்ள இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரும் முகவரியும். உள்நாட்டுக் கம்பெனிக்கு நம்மிடம் முகவர் தேவையில்லை; பதிவு அலுவலகமே போதும்.

எல்எல்சி வந்தது மிகவும் பின்னால். 1977இல் வயோமிங் அதற்கு முதல் சட்டம் போட்டது. டெலவேர் 1992இல் போட்டது. டெலவேர் சட்டப்படி எல்எல்சி தொடங்க அரசிடம் கொடுக்கும் அமைப்புப் பத்திரத்தைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கட்டாயமாகக் கேட்பது இரண்டே விஷயம்: எல்எல்சியின் பெயர், பதிவு முகவரின் பெயரும் முகவரியும். உரிமையாளர் யார் என்று அந்தப் பத்திரம் கேட்பதே இல்லை. ஆக, பொதுப் பதிவேட்டில் உங்கள் நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே முகம் அந்த முகவர்தான். அப்படியிருக்க நம் ஆட்கள் பலர் அந்த இடத்தை எப்படி நிரப்புகிறார்கள்? கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து மென்பொருள் விற்பவர் டெலவேர் எல்எல்சி தொடங்கும்போது, இணையத்தில் வாங்கும் பொட்டலத்தோடு முகவரும் சேர்ந்தே வந்துவிடுகிறார். அவர் பெயர் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முகவர் டெலவேரில் இருப்பதன் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இருக்கும் ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் நேரடியாகச் சம்மன் அனுப்புவது சுலபமில்லை. நாடு விட்டு நாடு சம்மன் அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கை வழியில், நம் சட்ட அமைச்சகம் மூலமாக வர வேண்டும். தபாலில் அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உங்கள் எல்எல்சிக்கு டெலவேரின் வில்மிங்டன் நகரில் ஒரு முகவர் இருக்கும்போது இந்தச் சுற்றே தேவையில்லை. 1988இல் ஃபோல்க்ஸ்வாகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சம்மன் ஒப்படைப்பு அமெரிக்க மண்ணிலேயே முடிந்துவிட்டால் ஹேக் உடன்படிக்கைக்கு வேலையில்லை என்றது. அந்த வழக்கில் ஜெர்மன் தாய் நிறுவனம் அமெரிக்கத் துணை நிறுவனத்தை முகவராக நியமித்திருக்கவும் இல்லை. மாநிலச் சட்டமே அப்படிக் கருதிக்கொண்டது. நாமே கையெழுத்துப் போட்டு நியமித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

காகிதம் எங்கே நிற்கிறது

பெப்சிகோ வழக்கை மறுபடி பார்ப்போம். சம்மன் கொண்டுவந்தவரிடமிருந்து முகவருக்கு, முகவரிடமிருந்து நிறுவனத்துக்கு, நிறுவனத்துக்குள் முடிவெடுக்கத் தெரிந்த ஆளுக்கு. மூன்று கைமாற்றங்கள். சட்டம் கவலைப்படுவது முதல் கைமாற்றம் பற்றி மட்டும். அதன் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் வீட்டு விவகாரம்.

நம் ஊரில் கோர்ட் ஊழியரான அமீனா சம்மனோடு வந்து, ஆள் கிடைக்காவிட்டால் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒட்டியது ஒட்டியதுதான், நான் ஊரில் இல்லை என்பது பிறகு தனியாக மனுப் போட்டுச் சொல்ல வேண்டிய கதை. பதிவு முகவர் விஷயத்தில் அந்த வாசல் கதவை நீங்களே காசு கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டிலிருந்து எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது.

கடிகாரமோ வேகமாக ஓடும். டெலவேர் மாநில நீதிமன்றத்தில் பதில் கொடுக்க 20 நாள். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றத்தில் 21 நாள். கலிஃபோர்னியாவில் 30. டெக்சஸில் ஒரு விசித்திரக் கணக்கு: 20 நாள் முடிந்து அடுத்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. முகவர் காகிதத்தை ஸ்கேன் செய்து அன்றே மின்னஞ்சலில் அனுப்பினால் 20 நாளில் வக்கீல் பிடித்துப் பதில் போட்டுவிடலாம். பழைய அலுவலக முகவரிக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பினால்? அந்த 20 நாளில் பாதி தபாலுக்கே போய்விடும். மீதி உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் உறையைப் பிரிக்கும்வரை.

டெலவேரின் எல்எல்சி சட்டம் இந்த இரண்டாவது கைமாற்றத்தையும் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 18-104ஆம் பிரிவின்படி முகவர் வந்த காகிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதே பிரிவு எல்எல்சிக்கும் ஒரு கடமை வைக்கிறது: முகவரிடமிருந்து தகவல் பெறும் ஒரு மனிதரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை முகவரிடம் கொடுத்து, மாறும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். துறையின் பெயரோ பொது மின்னஞ்சலோ போதாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஆள். சட்டத்தின் இந்த வரியை எழுதியவர் எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதத்தைத் தொலைத்தாரோ தெரியாது, விஷயம் தெரிந்த ஆள்.

தொடர்பு ஆளைக் கொடுக்காத எல்எல்சியை முகவர் உதறலாம். விலகல் பத்திரம் தாக்கலாகி 30 நாளுக்குள் புது முகவரை நியமிக்காவிட்டால் எல்எல்சியின் அமைப்புப் பத்திரமே ரத்தாகும். முகவர் இல்லாத காலத்தில் வழக்கு வந்தால் சம்மன் மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்குப் போகும், ஒப்படைத்ததாகவே கணக்கு. முகவருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு காலாவதியாகிறது, நினைவூட்டல் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுகிறது, முகவர் விலகுகிறார். ஒரு நாள் வங்கி, நிறுவனம் நல்ல நிலையில் இருப்பதற்கான சான்று கேட்கும்போதுதான் நிறுவனமே இல்லை என்று தெரிகிறது.

யாரை வைப்பது

டெலவேரில் வசிப்பவராக இருந்தால் நீங்களே இருக்கலாம். நண்பர் இருக்கலாம், வக்கீல் இருக்கலாம், அங்கே அலுவலகம் உள்ள எல்எல்சி தானே தனக்கு முகவராகவும் இருக்கலாம். நிபந்தனை, மாநிலத்துக்குள் உண்மையான தெரு முகவரி வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. அலுவலக நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். காசு மிச்சம் என்று நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனரைப் போட நினைத்தால் டெலவேர் எல்எல்சிக்கு அது உதவாது. டெலவேரிலேயே இருக்கும் மைத்துனர் என்றாலும், அவர் வேலைக்குப் போனால், விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், வீடு மாறினால் என்ன செய்வது? தானே முகவராக இருந்து கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு சங்கடம் உண்டு. வாடிக்கையாளர்கள் முன்னால் சம்மன் வரும்.

அதனால்தான் பெரும்பாலானோர் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களிடம் போகிறார்கள். வில்மிங்டனில் 1209 நார்த் ஆரஞ்சு தெரு என்ற முகவரியில் ஒரு சாதாரணமான தாழ்ந்த கட்டடம் இருக்கிறது. சிடி கார்ப்பரேஷன் என்ற முகவர் நிறுவனத்தின் அலுவலகம். 2012இல் வந்த நாளிதழ்ச் செய்தி அந்த ஒரு முகவரியில் 2,85,000 நிறுவனங்கள் பதிவாகியிருப்பதாகச் சொன்னது. வரி ஏய்ப்பின் சின்னமாக அந்தக் கட்டடத்தை அரசியல்வாதிகள் பல முறை காட்டியிருக்கிறார்கள். அதில் விவாதிக்க நிறைய உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் தபால்காரர் வேலைதான்: உறை வரும், யாருக்கு என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்.

கட்டணம் ஆண்டுக்கு 50 டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை. ஒப்பிடும்போது எல்லோரும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: சம்மன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் அனுப்புவீர்கள்? மின்னஞ்சல் மட்டுமா, தொலைபேசியிலும் சொல்வீர்களா? ஒருவருக்கு மேற்பட்டவருக்கு அனுப்ப முடியுமா? சம்மனையும் சாதாரண அரசு நினைவூட்டலையும் பிரித்துக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். டெலவேரின் ஆண்டு வரி அறிவிப்பும் முகவர் வழியாகத்தான் வருகிறது. 300 டாலர், ஜூன் 1க்குள். தவறினால் 200 டாலர் அபராதமும் மாதம் ஒன்றரை சதவீத வட்டியும். இதோடு, அரசு முத்திரை மாதிரியே அச்சடித்து உடனே பணம் கட்டு என்று மிரட்டும் போலிக் கடிதங்களும் எல்எல்சிக்காரர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாமே ஒரே மாதிரி உறையில் வந்தால், நாலைந்து பார்த்த பிறகு கை தானாக ஒதுக்கி வைக்கும்.

முகவர் செய்யாத வேலைகளும் உண்டு. வழக்குக்கு அவர் பதில் போட மாட்டார். வரித் தாக்கல் செய்ய மாட்டார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் மட்டுமே உரிமையாளராக இருக்கும் எல்எல்சி ஆண்டுதோறும் 5472 என்ற படிவம் கொடுக்க வேண்டும். தவறினால் 25,000 டாலர் அபராதம். முகவர் இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தவர்கள் உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூயார்க்கில் எல்எல்சிக்காகச் சம்மன் வாங்குபவர் மாநிலச் செயலாளரே. தனி முகவர் விருப்பம்போல. அங்கே புது எல்எல்சி 120 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் ஆறு வாரம் தொடர்ந்து அறிவிப்பு வெளியிட வேண்டும். மன்ஹாட்டன் பத்திரிகைகளில் செலவு அதிகம் என்பதால், ஆல்பனியில் முகவரி தரும் முகவரைப் பிடித்து அங்கே அலுவலகம் காட்டுவது பலரும் செய்யும் வேலை. பென்சில்வேனியாவில் நிறுவனம் காட்ட வேண்டியது பதிவு அலுவலக முகவரி. அந்த முகவரியைத் தொழிலாகத் தருபவர்களுக்கு வேறு பெயர். அந்த மாநிலத்தில் பதிவு செய்துகொண்ட வெளி மாநில ரயில் நிறுவனம் ஒன்று, அங்கே நடக்காத விவகாரத்துக்கும் அங்கேயே வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கூடுதல் மாநிலங்களில் பதிவு செய்யும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெப்சிகோ மீண்டது எப்படி

விஷயம் தெரிந்து ஒரே வாரத்தில், 2009 அக்டோபர் 13 அன்று, தீர்ப்பை ரத்து செய்யக் கோரி பெப்சிகோ மனுப் போட்டது. நம் ஊரில் எக்ஸ்பார்ட்டி டிக்ரியை செட் அசைடு செய்யக் கேட்பதுபோல. உதவியாளர், இயக்குநர் குழுக் கூட்டம், ஒதுக்கி வைத்த கடிதம் எல்லாம் வெளியே வந்தது அந்த மனுவில்தான். உலகம் முழுக்கச் செய்தியானது. நவம்பரில் அதே நீதிமன்றம் டிக்ரியை ரத்து செய்தது.

அமெரிக்க நீதிமன்றங்களும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை விரும்புவதில்லை; இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கவே பார்க்கும். ஆனால் அதற்குக் கேட்பவரிடம் சொல்ல ஒரு காரணமும், வேகமும், எதிர்வாதத்தில் கொஞ்சம் சாரமும் இருக்க வேண்டும். ஃபெடரல் நீதிமன்றத்தில் மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்று சொல்லிக் கேட்க ஓராண்டுதான் வரம்பு. பெப்சிகோவுக்கு 126 கோடி டாலர் என்ற எண்ணே உதவியது என்பேன். அந்தத் தொகைக்கு வரும் காகிதம் யார் மேசையிலும் நெடுநாள் தூங்காது.

நாலு பேர் வேலை செய்யும் எல்எல்சிக்கு எதிராக வருவது நாற்பதாயிரம் டாலர் டிக்ரியாக இருக்கும். அது செய்தியாகாது. பெரும்பாலும் வங்கிக் கணக்கு முடக்கப்படும் நாளில்தான் தெரியவரும். அதை ரத்து செய்ய அமெரிக்க வக்கீலுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேரம் பேசிப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று முடிவெடுப்பவர்களே அதிகம் இருப்பார்கள். அவர்களில் பலர், எல்எல்சி தொடங்கிய அன்று முகவரிடம் கொடுத்த பெயர் எது, எண் எது என்று அன்றைக்குத்தான் தேடிப் பார்ப்பார்கள். இரண்டு வேலை மாறி, மூன்று ஆண்டாக யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் முகவரி அங்கே இருக்கும்.